மாமா முதலில் சிரித்திருப்பார்

கேள்வி: எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா போன வருடம் காலமானார். அவருடைய பீரோவைக் காலி செய்தபோது, பிரிக்கப்படாத ஏர்ஃபிக்ஸ் விமான மாடல் கிட் ஒன்று கிடைத்தது. 'நாட்' விமானம், 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு). அட்டைப் படத்தில் விமானம் சிவப்பாக இருக்கிறது. உள்ளே இரண்டு இருக்கைகள். பெட்டி நைந்துவிட்டது, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படங்கள் மஞ்சளாகிவிட்டன, பசைக் குழாய் கல்லாகிவிட்டது. இதை நம் விமானப்படை நிறத்தில் செய்து அத்தைக்குக் கொடுக்க ஆசை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் தூரிகையைத் தொட்டதில்லை. பத்து வயது மகளும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறாள். நண்பர் ஒருவரோ, பிரிக்காமல் விற்றால் நல்ல விலை போகும் என்கிறார். என்ன செய்யலாம்?

— வாசகர், முருகேஷ்பாளையா, பெங்களூரு

பதில்: விற்க வேண்டாம். 1960-களில் வந்து, பெட்டியை மட்டும் மாற்றிப் பலமுறை விற்கப்பட்ட கிட் அது. நைந்த பெட்டிக்கு உங்கள் நண்பர் சொல்லும் விலை கிடைக்காது. தாராளமாகப் பிரியுங்கள்.

ஆனால் விமானப்படை நிறம் என்கிறீர்களே, அங்கேதான் குறுக்கே நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு இருக்கை என்றால் அது பிரிட்டிஷ் விமானப்படையின் நாட் டி.1 பயிற்சி விமானம். நம் விமானப்படையில் பறந்ததும், உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எச்.ஏ.எல். தயாரித்ததும் ஒற்றை இருக்கைப் போர் விமானம். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தி 'சேபர் ஸ்லேயர்' என்று பெயரெடுத்தது அதுதான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் பரம் வீர் சக்ரா விமானி நிர்மல் ஜித் சிங் செகோன் உயிர் துறந்ததும் அதில்தான். பின் இருக்கையை மட்டும் மறைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றலாம், நடக்காது. பயிற்சி விமானத்தின் உடலும் நீளமானது, இறக்கையும் பெரிது. நுனிக்கு நுனி அதற்கு 7.32 மீட்டர், போர் விமானத்துக்கு 6.73. அதன்மேல் காவி, வெள்ளை, பச்சை வட்டத்தை ஒட்டிவைத்தால், அந்தத் தொழிற்சாலையிலேயே காலத்தைக் கழித்த உங்கள் மாமாதான் முதலில் சிரித்திருப்பார்.

ஆகவே அட்டைப் படத்தில் உள்ள சிவப்பே இருக்கட்டும். பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1965-இல் தொடங்கி 1979 வரை இந்த இரண்டு இருக்கை நாட்டில்தான் பறந்தது. ஒற்றை இருக்கை நாட், அதிலிருந்து எச்.ஏ.எல். உருவாக்கிய அஜீத் ஆகியவற்றின் கிட்டுகளை வேறு நிறுவனங்கள் வெளியிட்டிருக்கின்றன. கை பழகிய பிறகு அவற்றைத் தேடிக்கொள்ளலாம்.

இனி வேலை. பசையைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் பெயின்ட் பிடிக்காது. கொதிநீர் ஆகாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும். பாகங்களைக் கையால் திருகிப் பிய்க்காதீர்கள். நகவெட்டியால் கொஞ்சம் தள்ளி நறுக்கி, மிச்சத்தை வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். ஜே.சி. ரோடு கார் உதிரிபாகக் கடைகளில் 400, 600, 1000 என்று கேட்டால் கொடுப்பார்கள் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்).

பிறகு பசையில்லாமல் எல்லாவற்றையும் டேப்பால் கட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து அச்சு இன்றைய கிட்டுகள் அளவுக்குத் துல்லியமானதல்ல. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடுக்கு விழுந்தால், கார் பட்டறைப் புட்டியை மெல்லியதாக வைத்து, காய்ந்தபின் தேயுங்கள். தடிமனாக அப்பினால் அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை அரிக்கும். இந்த விமானத்துக்கு மூக்கில் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. முன்பாரம் போதாவிட்டால் மூக்கைத் தூக்கி வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிடும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால் பிறகு பாரம் வைக்க வழியில்லை. ஆகவே டேப் போட்ட நிலையிலேயே, பின்சக்கரங்கள் வரும் இடத்துக்கு அடியில் விரலை வைத்து நிறுத்திப் பாருங்கள். வால் பக்கம் சாய்ந்தால், சைக்கிள் கடையில் கிடைக்கும் சின்ன இரும்புக் குண்டுகளை மூக்குக்குள் ஒட்டுங்கள். விமானி அறைக்குள் பெயின்ட் அடிப்பதும் மூடுவதற்கு முன்புதான்.

பழைய பசையைத் தூக்கிப் போடுங்கள். பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைக்கும் மாடல் பசை புதிதாக வாங்குங்கள், துளி போதும். விமானிகளின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடிக்கு மட்டும் ஃபெவிகால். ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளையாகப் பனிபடர்ந்து போகும், திரும்பத் தெளியாது.

சிவப்பு கொஞ்சம் படுத்தும் நிறம். சாம்பல் பிளாஸ்டிக் மேல் நேரடியாக அடித்தால் செங்கல் மாதிரி மங்கிப் போகும். முதலில் வெள்ளை அடிப்பூச்சு. அதன்மேல் தண்ணீரில் நெகிழ்த்திய சிவப்பு அக்ரிலிக். முதல் பூச்சு திட்டுத் திட்டாக, அடியிலிருக்கும் வெள்ளை தெரியும்படிதான் வரும். பயந்து அதன்மேலேயே இழுக்காதீர்கள். பாதி காய்ந்த பெயின்ட்டில் தூரிகை பட்டால் சுருண்டு வரும். இறக்கை மொத்தமே 10 சென்டிமீட்டர்தான். ஒரே தடித்த பூச்சாக அடித்தால் நுணுக்கமான கோடுகளெல்லாம் மூழ்கிவிடும். ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு, மழைக்காலமானால் இன்னும் தாமதித்து. மூன்று நான்கு முறை அடித்தால் நிறம் நிறைந்துவிடும். மாடலுக்கென்று விற்கும் பெயின்ட்டாக வாங்குங்கள், பள்ளிக்கூட வண்ணம் பிளாஸ்டிக்கில் நிற்காது. ஹார்டுவேர் கடைத் தின்னரையும் நெயில் பாலிஷ் ரிமூவரையும் மாடலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். டயருக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல்தான் நிஜமாகத் தெரியும். நம்பிக்கை வராவிட்டால் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குப் போய் டயர்களை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு அது பக்கம்தானே.

மஞ்சளான படத்தாளை வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவையுங்கள், பெரும்பாலும் வெளுக்கும். ஆனால் பழைய படங்கள் தண்ணீரில் இட்டதும் பொடிப்பொடியாவதுண்டு. தேவையில்லாத ஒன்றை முதலில் நனைத்துப் பாருங்கள். உடைந்தால் மற்றவற்றின் மேல் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, காய்ந்தபின் தனித்தனியாக வெட்டி நனையுங்கள். ஒட்டும் பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மினுங்கும்.

மகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளேடு வேலை உங்களுடையது. கழுவுவது, தேய்ப்பது, படம் நகர்த்துவது அவளுடையது. ஊறிய படத்தைத் தாளிலிருந்து வழுக்கி இடத்தில் வைக்கச் சின்ன விரல்கள் நம்முடையதைவிட நன்றாகவே வேலை செய்யும். அத்தையிடம் தேதி மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கடைசிப் பூச்சைக் காயவிடாமல் எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள், சிவப்பில் உங்கள் கைரேகை பதிந்திருக்கும்.