ஒரே வார்டில் நான்கு துறை மாணவர்கள்: மேற்பார்வையை எங்கே தொடங்குவது?

கேள்வி: தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்), பி.எஸ்சி. நர்சிங் கடைசி ஆண்டு மாணவிகள், பிசியோதெரபி இன்டர்ன்கள், ஃபார்ம்.டி. (மருந்துகள் பற்றிய பட்டப்படிப்பு) மாணவர்கள் என எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். இவர்களைச் சேர்த்து வைத்துக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். வேறு துறை மாணவர்களை, அதுவும் ஹவுஸ் சர்ஜனை, ஒரு நர்ஸ் எப்படி மேற்பார்வை செய்வது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் மேற்பார்வை வேறு, மதிப்பீடு வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2018-இல் வெளியிட்ட விதிகள் இப்படித்தான் பிரித்தன. நர்சிங் மாணவியின் அன்றாட மேற்பார்வையை ஒரு பிசியோதெரபிஸ்டோ மருத்துவரோகூடச் செய்யலாம். தேறினாரா இல்லையா என்று முடிவு செய்வது மட்டும் பதிவு பெற்ற நர்ஸின் வேலை. இதே ஏற்பாடு உங்கள் வார்டுக்கும் பொருந்தும். பிசியோ இன்டர்ன் தசை வலிமையைச் சரியாகச் சோதித்தாரா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அவருடைய லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) கையெழுத்துப் போடுவது அவர் துறை ஆசிரியர். ஹவுஸ் சர்ஜன் எழுதும் சிகிச்சை ஆர்டரை அவருடைய யூனிட், அதாவது அவர் வேலை செய்யும் டாக்டர் குழு, பார்த்துக்கொள்ளும். இவர்கள் தங்களுக்குள் பேசுகிறார்களா, ஒருவருக்குத் தெரிந்ததை அடுத்தவர் கேட்டு வாங்கிக்கொள்கிறார்களா, நோயாளிக்கு நான்கு திட்டம் போகிறதா ஒரே திட்டம் போகிறதா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. அதைப் பார்க்க வார்டு நர்ஸைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

போஸ்டிங் தொடங்கும் முன்பே ஒவ்வொரு துறையிலும் யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, இந்த எல்லைகளை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். யூனிட் சீஃப் தன் வாயாலேயே ஹவுஸ் சர்ஜன்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உங்கள் சங்கடம் பாதி குறையும்.

சரி, எதைக் கற்றுக்கொடுப்பது? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நான்கு துறை மாணவர்களையும் செமினார் ஹாலில் உட்காரவைத்து பாடம் எடுத்தால், சேர்ந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். தனியாக யாராலும் முடிக்க முடியாத ஒரு வேலையை, ஒரே நோயாளியிடம், அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

பக்கவாதத்தில் வலது கையும் காலும் வராமல் படுத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரம், மனைவி டம்ளரில் கஞ்சியோடு நிற்கிறார். கொடுக்கலாமா? இந்த ஒரு கேள்வி போதும். விழுங்கும் திறனைச் சோதித்தாயிற்றா, தண்ணீர் கொடுத்தபோது இருமினாரா, குரல் கரகரத்ததா என்பது நர்சிங் மாணவிக்குத் தெரிந்திருக்கும். உணவு நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும், மூக்குக் குழாய் போட வேண்டுமா என்பதை ஹவுஸ் சர்ஜன் யோசிக்க வேண்டும். அவரை எப்படி நிமிர்த்தி உட்காரவைப்பது என்று பிசியோ இன்டர்ன் காட்டுவார். வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு விலகிவிடும் என்பது அங்கே நிற்கும் மற்ற மூவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்புறம் மாத்திரை. குழாய் வழியாகக் கொடுக்கத்தானே என்று எல்லாவற்றையும் பொடித்துவிடுகிறார்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் ஃபார்ம்.டி. மாணவர்.

கடைசியில் ஊட்டப்போவது இந்த நால்வரும் இல்லை, அந்த அம்மாதான். எனவே முடிவானதை ஒரு மாணவர் அவருக்குப் புரியும் தமிழில் சொல்லட்டும், மற்ற மூவரும் கேட்கட்டும். தன் துறை விஷயத்தை வேறு துறை மாணவர் சரியாகச் சொல்கிறாரா என்று காது கொடுத்துக் கேட்பதே நல்ல பயிற்சி. நோயாளியிடமும் குடும்பத்திடமும் முன்பே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலைச் சுற்றி நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நிற்க வேண்டும்? ஓர் அடி பின்னால். ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1996-இல் பல துறை மாணவர்கள் சேர்ந்து தாங்களே நடத்தும் பயிற்சி வார்டைத் தொடங்கியது. மேற்பார்வையாளர்கள் கூடவே இருப்பார்கள், ஆனால் முந்திக்கொண்டு பதில் சொல்ல மாட்டார்கள். அனுபவமுள்ள நர்ஸுக்கு இதுதான் மிகக் கடினம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பதில் நாக்கு நுனியில் இருக்கும். விழுங்கும் சோதனை இல்லாமல் வாயில் எதையாவது கொடுக்கப் போனாலோ, தவறான மருந்து கைக்கு வந்தாலோ, நோயாளி வலியில் முகம் சுளித்தாலோ உடனே தடுங்கள். மற்ற நேரத்தில் பொறுத்திருங்கள்.

பேச்சை யார் தொடங்குவது என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள். விட்டால் ஹவுஸ் சர்ஜன்தான் முதலில் பேசுவார். பிறகு மற்றவர்கள் தலையாட்டுவார்கள். காலையிலிருந்து நோயாளி பக்கத்தில் இருந்த நர்சிங் மாணவியை முதலில் பேசச் சொல்லுங்கள். கருத்து மோதினால், உதாரணமாக பிசியோ இன்டர்ன் இன்றே எழுப்பி உட்காரவைக்கலாம் என்கிறார், ஹவுஸ் சர்ஜன் ரத்த அழுத்தத்தைக் காட்டி வேண்டாம் என்கிறார், உடனே சமாதானம் செய்யாதீர்கள். இருவரும் காரணத்தைச் சொல்லட்டும். முடிவு யூனிட் டாக்டருடையது, ஆனால் அவரிடம் இரண்டு காரணங்களும் போக வேண்டும்.

முடிந்ததும் நின்றபடியே பத்து நிமிடம் பேசுங்கள். அடுத்த துறையிடமிருந்து இன்று புதிதாக என்ன தெரிந்தது, நீங்கள் மட்டும் இருந்திருந்தால் எது விட்டுப்போயிருக்கும் என்று இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். பதிலை அவரவர் லாக் புக்கில் இரண்டு வரி எழுதட்டும்.

நேரம் பற்றி: தினமும் முயல வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், ரவுண்ட்ஸ் பரபரப்பு அடங்கிய பிறகு அரை மணி நேரம் போதும். ஹவுஸ் சர்ஜனை வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டால் மற்ற மூவரோடு தொடங்குங்கள், அவருக்கான கேள்வியை எழுதி வைத்து மாலையில் கேளுங்கள். டியூட்டியில் ஆள் குறைவான நாளில் அன்றைய அமர்வை ரத்து செய்து, மாணவர்களிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.