படம் பிடிக்கும் முன் பில்லைப் பிடியுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் தேவகோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர். நவம்பரில் நண்பர்கள் பதினான்கு பேர் சேர்ந்து அங்கோர்வாட் பார்த்துவிட்டு, சைகோனில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்கும் போகிறோம். அதற்கென்று கேமரா பார்க்கப் போனேன். பாடி, சின்ன ஜூம், பெரிய ஜூம் எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய் என்றார்கள். பில் வேண்டாமென்றால் 9,000 குறைப்பார்களாம். வாங்கலாமா சார்?

பதில்: பில் சங்கதியை முதலில் முடித்துவிடுவோம். டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். (2019 ஜனவரிக்கு முன்னால் 28 ஆக இருந்தது.) அந்த 78,000-க்குள் அடங்கிய வரி ஏறத்தாழ 11,900 ரூபாய். உங்களுக்கு 9,000 விட்டுக்கொடுத்த பிறகும் யார் பையில் மிச்சம் நிற்கிறது என்று கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் தமிழ் ஆசிரியராகவே இருந்தாலும் தெரியும்.

பில் இல்லாமல் வாரண்டியும் பேச முடியாது, வழக்கும் பேச முடியாது. பெட்டியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, இறக்குமதியான மாதம், வருடம், எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் யாரோ சூட்கேஸில் கொண்டுவந்த சரக்காக இருக்கலாம். கேமரா நன்றாகவே வேலை செய்யும், பழுதாகும் வரை. பழுதான பிறகு சர்வீஸ் சென்டரில் உங்களை யாரென்றே கேட்க மாட்டார்கள்.

இனி லென்ஸ். இரண்டு லென்ஸ் கட்டாக விற்பது கடைக்குச் சௌகரியம். உங்களுக்கு அந்தப் பெரிய ஜூம் தேவையில்லை என்பது என் கட்சி. அங்கோர்வாட்டில் எல்லோரும் நின்று பார்ப்பது பாற்கடல் கடையும் சிற்பம். கிழக்குத் திருச்சுற்றின் தென்பாதியில் இருக்கிறது, நீளம் கிட்டத்தட்ட 49 மீட்டர். ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவே பெருமாள். அதைப் படம் எடுக்க எவ்வளவு பின்னால் போக முடியும்? சில அடிதான், முதுகில் தூண் இடிக்கும். தூரத்துப் பொருளைக் கிட்டே இழுக்கும் ஜூம் அங்கே பைக்குள்தான் தூங்கும். வேண்டியது அகலமாகப் பார்க்கும் லென்ஸ்.

இதைச் சோதித்துப் பார்க்கக் கம்போடியா வரை போக வேண்டாம். தெரிந்தவர் வீட்டு வளவில் ஒரு தூணுக்கு முதுகைக் கொடுத்து நில்லுங்கள். எதிர்த் திண்ணை, நான்கு தூண், மேலே வானம் எல்லாம் ஒரே படத்தில் அடங்குகிறதா? சின்ன ஜூமை 18 மி.மீ.யில், அதாவது அகலமாகத் தெரியும் முனையில், வைத்துப் பாருங்கள், பிறகு உங்கள் போனிலும் எடுங்கள். போனில் இருக்கும் அகல லென்ஸே போதுமென்று தோன்றினால் கேமராவே வாங்காதீர்கள். இதைச் சொன்னதற்காகக் கடைக்கார நண்பர்கள் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

கேமரா உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் அதிகாலை. மற்ற பல கோயில்களைப் போல அல்லாமல் அங்கோர்வாட் மேற்கு நோக்கிய கோயில். ஆகையால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும்பும், முன்னால் இருக்கும் குளத்தில் அந்த நிழல் விழும். வெளிச்சம் வரும் முன் எடுக்கும் அந்தப் படத்துக்கு எஃப் எண் குறைந்த, அதாவது வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும், லென்ஸும் ஆடாத கையும் வேண்டும். பெரிய ஜூமுக்குப் போகும் பணத்தில் 35 மி.மீ. எஃப் 1.8 போல ஒரு லென்ஸ் விசாரியுங்கள். அதே கோயிலின் சிற்பத்துக்கோ கிழக்கு வெளிச்சம் நேராக விழும். குளக்கரையில் படம் முடிந்ததும் காபிக்கு ஓடாமல் நேரே கோயிலின் பின்பக்கம் போய்விடுங்கள். ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 என்பதால் காலையை வீணாக்கக் கூடாது.

பில்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. விலை உயர்ந்த கேமராவை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள், புறப்படும்போதே விமான நிலையக் கஸ்டம்ஸில் கேமராவையும் பில்லையும் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற பேச்சு வராது. பெட்டியை ஏர்லைன்ஸிடம் ஒப்படைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 512 ஜிபி மெமரி கார்டு 599 ரூபாய்க்கு வாங்கினேன். சுவிட்சர்லாந்து, பாரிஸ் என்று பன்னிரண்டு நாள் எடுத்த படங்களில் முதல் மூன்று நாள்தான் திறக்கிறது. மற்றவற்றுக்குப் பெயர் மட்டும் இருக்கிறது, படம் இல்லை. விற்றவர் "பத்து நாள் கெடு முடிந்துவிட்டது" என்கிறார். (காரைக்குடி வாசகி)

பதில்: வயிறெரிகிறது அம்மா. எனக்கும் இதே அனுபவம் உண்டு, ரயில் நிலைய வாசலில் வாங்கிய கார்டு. நான் இழந்தது ஒரு கும்பாபிஷேகம்.

நடந்தது இதுதான். கார்டுக்குள் இருக்கும் உண்மையான இடம் 32 ஜிபி போல ஏதோ ஒன்று. "நான் 512" என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லைத் திருத்தியிருக்கிறார்கள். 32 நிறையும் வரை ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் வருவதெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர். பெயர் மட்டும் பட்டியலில் ஏறும். பதியாத படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே "மீட்டுத் தருகிறேன்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கார்டையும் இனித் தொடாதீர்கள். அதுதான் சாட்சி.

பத்து நாள் கெடு என்பது பொருளைத் திருப்பித் தர விற்பவர் வைத்த விதி. போலிப் பொருளுக்கு அது கவசம் ஆகாது. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915-க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 599 ரூபாயோடு மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பாரிஸ் போன செலவு முழுவதையும் கேட்டால் எடுபடாது என்று நினைக்கிறேன்.

அடுத்த கார்டு வாங்கியதும் ஊருக்குக் கிளம்பும் முன்பே முழுசாக நிரப்பிப் பாருங்கள். எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 512-ல் ஒன்று வாங்குவதைவிட 64-ல் மூன்று மேல். தொலைந்தாலும் எல்லாம் ஒரேயடியாகப் போகாது.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், கேமராவுக்கு மூன்று உபரி பேட்டரி. விமானத்தில் விடுவார்களா?

பதில்: விடுவார்கள், கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரம்பு 100 வாட்-அவர். உங்கள் பவர் பேங்க் 20 ஆம்ப்-அவர், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74. கேமரா பேட்டரி ஒவ்வொன்றும் பெரும்பாலும் இருபதுக்குள். முனைகள் உரசாமல் தனித்தனி உறையில் போடுங்கள். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை வாங்கி வைத்துக்கொள்வார்கள், வாதாடிப் பயனில்லை.

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடைத் தினசரி காலண்டருக்கு, மகன் இரவில் எடுத்த ஈஃபிள் கோபுரப் படத்தைப் போடலாமா?

பதில்: பகலில் எடுத்த படம் என்றால் தாராளமாகப் போடுங்கள். கட்டிய குஸ்தாவ் ஈஃபிள் 1923-இலேயே காலமாகிவிட்டார், கோபுரத்தின் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. இரவு விளக்கு அலங்காரம் 1985-இல் வந்தது, அதற்குத் தனியாகப் பதிப்புரிமை கொண்டாடுகிறார்கள். வீட்டு ஆல்பத்துக்குக் கேள்வியில்லை. வியாபாரத்துக்கு என்றால் கோபுரத்தை நடத்தும் நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். பகல் படம் இல்லையா தம்பியிடம்?

கேள்வி: பேரன் நார்வேயில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிய படத்தை இரண்டுக்கு மூன்று அடியில் பிரிண்ட் போட்டு, முகப்பில் மாட்டக் கொடுத்தேன். மலையெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. 2,800 ரூபாய் போச்சு. கடைக்காரர் மேல் தப்பா? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: பாதிதான் ஆச்சி. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், நீளப் பக்கம் ஏறத்தாழ 1,600 புள்ளி. மூன்று அடிக்கு 36 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 45 புள்ளிகூடத் தேறாது. தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கே 150 வேண்டும், அதாவது நீளப் பக்கம் 5,400. பேரனை அதே படத்தை "டாக்குமெண்ட்" என்று அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும்.

ஆனால் தினமும் பிரிண்ட் போடுகிறவர் கணினியில் திறந்ததுமே "இது தாங்காதுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். புதிய ஃபைலைக் கொண்டுபோய்த் தாள், மை விலைக்கு மறுபிரிண்ட் கேளுங்கள். நல்ல கடைக்காரர் ஒத்துக்கொள்வார். நிறமி மை, அதாவது பிக்மென்ட் இங்க், என்று கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் வெளுக்காது. முற்றத்து வெயில் நேரே விழும் சுவர் வேண்டாம். ஃபிரேமின் கீழ் மூலைகளில் பின்பக்கம் இரண்டு தக்கை ஒட்டச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் சுவர் ஈரம் படத்தில் ஏறாது. பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள், அதே அளவுதானே, திரும்பப் பொருந்தும்.