பெரிய திரையுள்ள போன்களுக்கே சிறந்த கமரா கிடைப்பது ஏன்?

கைக்கு அடக்கமான சிறிய போனில் மிகச் சிறந்த கமராவைப் பெரும்பாலும் ஏன் வைப்பதில்லை என்ற கேள்விக்கான விடை, கமராவின் உள்ளே இருக்கும் உணரியில் உள்ளது. உணரி என்பது வில்லை வழியாக வரும் ஒளியை வாங்கிப் படமாக்கும் சிறு தகடு. அது அகலமாக இருந்தால் கூடுதல் ஒளி விழும்.

மட்டக்களப்பு வாவியில் மீன்பிடிப்பவருக்கு இது எளிதில் விளங்கும். அகன்ற வலையில் கூடுதல் மீன் படும். ஆனால் அந்த வலையை ஏற்றத் தோணியில் இடம் வேண்டும். உணரி பெரிதாகும்போது, அதே அளவு காட்சியை அதில் விழுத்துவதற்கு வில்லையும் பெரிதாகி, உணரியிலிருந்து சற்று விலகி நிற்க வேண்டியிருப்பதால்தான் போனின் முதுகில் அந்த மேடு புடைத்து நிற்கிறது. மீதி இடத்தைப் பற்றரி கேட்கிறது. 2020இல் வெளிவந்த ஐபோன் 12 புரோவின் திரை 6.1 அங்குலம், பிரதான கமராவுக்கான பெரிய உணரியோ 6.7 அங்குலத் திரையுள்ள புரோ மேக்ஸிலேயே பொருத்தப்பட்டது.

பகலில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. பொழுது சாய்ந்த பின் கல்லடிப் பாலத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: உணரி சிறிதென்றால், நீரில் விழுந்த விளக்கொளியைச் சுற்றியுள்ள இருட்டு மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். மென்பொருள் அதைத் துடைத்தெடுக்கும்போது நீரின் நெளிவுகளும் சேர்ந்தே மறைந்துவிடும். இரவுப் படங்கள் அதிகம் எடுக்காதவர் சிறிய போனையே தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து.

மெகாபிக்சல் எண், அதாவது படத்தை ஆக்கும் நுண்புள்ளிகள் எத்தனை மில்லியன் என்ற கணக்கு, கூடினாலே படம் தெளிவாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் உணரியின் அளவு மாறாமல் எண் மட்டும் கூடினால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைந்துவிடும்.