வாசகர் கேள்வி: பந்தை விட்டு விமானம் ஏறியவர்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்ட வீரர் ஒருவர் தேடிவந்த பணத்தை உதறிவிட்டு விமானப்படைக்குப் போனார் என்கிறான் மகன். உண்மையா? – வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பாதி உண்மை, தங்கச்சி. அவர் டாக் பிளான்சார்ட். ஆனால் அவர் ஆடியது எங்கள் மெக்கெய்சர் மைதானத்தில் பெடியள் ஆடும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆட்களை இடித்துத் தள்ளி ஓடுவது. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரிக்கு ஆடி, 1945இல் ஹைஸ்மன் விருது வாங்கினார்; அந்த ஆட்டத்தில் அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுப்பது அது. கல்லூரியில் கடைசி வருடத்துக்கு முன்பே அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

பணத்தை உதறினார் என்பதுதான் சரியில்லை. 1946இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தெரிவு செய்தது. அவரும் தொழில்முறையில் ஆட விடுப்புக் கேட்டார். மேலிடம் மறுத்துவிட்டது. ஆசைப்பட்டது கிடைக்காமல் போன பிறகும் 1971 வரை விமானப்படைச் சேவையில் நின்று கர்னலாக ஓய்வுபெற்றாரே, எனக்கு அதுதான் பெரிசு.

இன்னொன்றையும் மகனுக்குச் சொல்லுங்கள். 1959இல் இங்கிலாந்தில் அவருடைய விமானம் வானத்திலேயே தீப்பற்றியது. பரசூட்டில் குதித்திருக்கலாம். கீழே கிராமம். ஆளில்லாத விமானம் வீடுகள் மேல் விழுந்துவிடும் என்று, எரிகிற விமானத்தைத் தளம் வரை ஓட்டிவந்து இறக்கினார்.

நான் இருப்பது சீனன்குடாப் பக்கம். விமானம் தாழ்வாகப் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். அப்போதெல்லாம் அந்தக் கிராமத்து வீடுகள் நினைவுக்கு வருகின்றன.