தமிழ்மொழிப் பாடசாலையிலிருந்து இன்டர்நெஷனல் ஸ்கூலுக்கு மாறிய பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, என்ன செய்யலாம்?

(கேள்வியின் சுருக்கம்: தரம் 3 வரை தமிழில் படித்த மகனை மட்டக்களப்பில் ஆங்கிலமொழி இன்டர்நெஷனல் ஸ்கூல் ஒன்றில் தரம் 4க்குச் சேர்த்து ஒரு தவணை ஆகிறது. வகுப்பில் கதைப்பதில்லை, கணிதப் புள்ளியும் இறங்கிவிட்டது. 'லேர்னிங் சப்போர்ட்' (படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்குப் பாடசாலை கொடுக்கும் மேலதிக உதவி) வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறது பாடசாலை. ரியூசனும் போடவா? வீட்டில் ஆங்கிலத்தில் கதைக்கவா?)

காசு கட்டுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளைக்கு ஆங்கிலம்தான் புதிதா, இல்லை படிப்பதிலேயே ஏதாவது சிக்கல் இருக்கிறதா? இரண்டுக்கும் தேவையான உதவி வேறு வேறு. இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் இருத்தி ஒரே வேர்க்ஷீட்டைக் கொடுத்தால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை.

இதைத் தமிழில்தான் கண்டுபிடிக்கலாம். தரம் 3 தமிழ்ப் புத்தகத்தில் அவன் மனப்பாடம் செய்திராத ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடி, என்ன வாசித்தாய் என்று கேளுங்கள். பிறகு ஐந்து வசனம் எழுத வையுங்கள். மூன்றும் சரியாக வந்தால் மொழி மட்டும்தான் பிரச்சினை. நேரமும் முறையான ஆங்கிலமும் போதும். தமிழிலும் எழுத்துத் தடுமாறுகிறது, ஒரே சொல்லைப் பந்திக்குப் பந்தி வேறுமாதிரி எழுதுகிறான், சேர்த்துச் சொன்ன இரண்டு வேலையில் இரண்டாவதை மறக்கிறான் என்றால் முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பார்க்கலாம், தனியாரிடம் ஓடத் தேவையில்லை. அதற்குமேல் படிப்புச் சிக்கலுக்கான மதிப்பீடு வேண்டும் என்றால் தமிழில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தவணை ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வைக்கும் சோதனை அவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதைத்தான் சொல்லும்.

வாய் திறக்காதது தனியே ஒரு நோய் அல்ல. புதுமொழிக்குள் போன பிள்ளைகள் சில கிழமைகள், சிலர் பல மாதங்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இடைவேளையில் சிநேகிதர்களோடு தமிழில் கதைக்கிறானா என்று ரீச்சரிடம் விசாரியுங்கள். கதைத்தால் பொறுத்திருக்கலாம். தமிழிலும் பாடசாலையில் வாய் திறப்பதே இல்லை, வீட்டில் மட்டும்தான் கதைக்கிறான் என்றால் அது வேறு விசயம், வைத்தியரிடம் கேட்க வேண்டியது.

கணிதத்துக்கு வருவோம். அவன் பிழைவிட்ட கணக்கை அப்படியே தமிழில் வாசித்துக் காட்டுங்கள். செய்துவிடுகிறான் என்றால் கணித ரியூசன் வீண் செலவு. வசனக் கணக்கில் வரும் சின்னச் சொற்கள்தான் இடறுகின்றன: 'லெஃப்ட்' என்றால் இடது பக்கம் என்று படித்தவனுக்கு 'ஹவ் மெனி ஆர் லெஃப்ட்' என்பது மிச்சம் கேட்பதாகத் தெரியாது. அடுத்த அலகில் வரும் எட்டுப் பத்துச் சொற்களை முந்தின வெள்ளிக்கிழமையே எழுதித் தரும்படி பாட ஆசிரியரிடம் கேளுங்கள். சனி, ஞாயிறில் படத்தோடும் தமிழ் விளக்கத்தோடும் பழக்கிவிட்டால் திங்கட்கிழமைப் பாடம் அவனுக்கு முழுக்கப் புதிதாக இராது. நான் பார்த்தவரை ஆகக் குறைந்த செலவில் ஆகக் கூடிய பலன் தரும் உதவி இதுதான்.

இடையில் சேரும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஓட்டை உண்டு, ஃபோனிக்ஸ், அதாவது எந்த ஆங்கில எழுத்துக்கு எந்த ஒலி என்று படிப்பது. அதைச் சின்ன வகுப்புகளிலேயே முடித்துவிடுவார்கள். தரம் 4 ரீச்சர் அது எல்லாருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஜொலி ஃபோனிக்ஸ் என்ற கற்பித்தல் முறையில் 42 ஒலிகள். எது தெரியும், எது தெரியாது என்று பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். எங்கள் பிள்ளைகள் பன்றிக்கும் பெரியதுக்கும் உள்ள ஆங்கிலச் சொல் இரண்டையும் தமிழில் 'பிக்' என்றே எழுதுவார்கள், ப எழுத்து ஒன்றுதானே. அந்த வித்தியாசத்தைக் காது பிடிக்காவிட்டால் கை எழுதாது. நாளுக்குப் பத்து நிமிடம், இப்படி ஒலி கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் சொற்களை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றைச் சொல்லி 'எது சொன்னேன்' என்று விரல் காட்ட வையுங்கள்.

வாசிப்புப் புத்தகத்தின் மட்டமும் முக்கியம். 100 சொல்லை எண்ணி வாசிக்க விடுங்கள். ஐந்து வரை பிழை வந்தால் தனியே வாசிக்கலாம், ஆறிலிருந்து பத்து வரை வந்தால் பக்கத்தில் ஆள் வேண்டும், அதற்கு மேலே போனால் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: சில பிள்ளைகள் கிளிபோலப் பிழையில்லாமல் வாசிப்பார்கள், ஒன்றும் விளங்கியிராது. வாசித்து முடிந்ததும் தமிழில் கதை கேளுங்கள்.

பாடசாலையிடம் கேட்கவேண்டியவை: உதவி செய்வது யார், கிழமைக்கு எத்தனை தடவை, வகுப்புக்குள்ளேயா வெளியே எடுத்தா, வெளியே எடுத்தால் எந்தப் பாடம் தவறுகிறது. கணிதத்தைத் தவறவிட்டு ஆங்கிலம் படிப்பது குழியை மூட இன்னொரு குழி தோண்டும் வேலை. இலக்கும் அளவிடக் கூடியதாக இருக்கட்டும்: 'ஆங்கிலம் முன்னேறும்' அல்ல, 'தவணை முடிவில் இந்த மட்டப் புத்தகத்தைத் தனியே வாசிப்பான்'. ஆறு கிழமையில் ஒரு மீளாய்வுத் திகதி. எல்லாம் எழுத்தில். இன்டர்நெஷனல் ஸ்கூல்கள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அரசாங்கப் பாடசாலை மாதிரி வலயக் கல்வி அலுவலகத்தில் போய்ச் சொல்லித் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கையில் உள்ள கடிதம்தான் உங்கள் பலம்.

வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். உங்களுக்கே தடுமாறும் ஆங்கிலத்தில் கதைத்தால் அவனுக்கு நல்ல ஆங்கிலமும் வராது, நீளமாகக் கதைக்கும் பழக்கமும் போய்விடும். ஒளித்தொகுப்பைத் தமிழில் விளங்கிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பெயர் மட்டும்தான் புதிது. தரம் 6க்குப் போனதும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் விஞ்ஞானப் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாக எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ரியூசன் போடுவதென்றால் ஒரே நிபந்தனை: ஹோம்வேர்க்கைச் செய்து கொடுக்கிற ரியூசன் வேண்டாம். கொப்பி அழகாக இருக்கும், வகுப்பு ரீச்சருக்குப் பிள்ளையின் ஓட்டை தெரியாமலே போகும்.

எவ்வளவு காலம்? விளையாட்டுத் திடல் ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் என்பது ஜிம் கமின்ஸ் என்ற ஆய்வாளர் சொன்ன கணக்கு. தரம் 6இல் சரளமாகக் கதைக்கிற பிள்ளைக்குத் திடீரென்று புள்ளி இறங்குவது இதனால்தான். சோம்பல் என்று அடிக்க வேண்டாம், உதவியையும் அந்த நேரத்தில் வெட்ட வேண்டாம்.

படிப்பதிலேயே சிக்கல் என்று உறுதியானால் கேம்பிரிட்ஜ், எடெக்ஸெல் என்ற பிரித்தானியச் சோதனைகளில் 25% வரை மேலதிக நேரம் கேட்கலாம். சான்றுகளோடு பாடசாலைதான் விண்ணப்பிக்க வேண்டும், வகுப்பிலும் அவன் வழக்கமாக மேலதிக நேரம் எடுத்துத்தான் எழுதுகிறான் என்று காட்டவும் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பது மட்டும் காரணமாகாது.

உள்நாட்டுப் பாடத்திட்டப் பிரிவில் சேர்த்திருந்தால் இதையும் கவனியுங்கள்: க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழ்மொழியும் இலக்கியமும் கட்டாயப் பாடம், அதுவும் தாய்மொழி மட்டத்தில். நேர அட்டவணையில் தமிழுக்குக் கிழமைக்கு எத்தனை பாடவேளை இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். குறைவாக இருந்தால், போடவேண்டிய ரியூசன் அதற்குத்தான்.