படகுக்கு இரண்டு பேட்டரி போடலாமா?

கேள்வி: என் மாடல் படகில் 3எஸ் (மூன்று செல் தொடராக உள்ள), 5,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்) லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இருக்கிறது. மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கிறது. சீக்கிரம் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. இன்னொரு பேட்டரியைப் பேரலலாக (பக்க இணைப்பாக) சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. வோல்டேஜ் 11.1 அப்படியே இருக்கும், கொள்ளளவு 10,000 ஆகிவிடும். ஆனால் நைந்துபோன பழையதோடு புதியதைக் கோக்க வேண்டாம். ஒரே மாடலில் ஜோடியாக வாங்குங்கள். 2எஸ்ஸையும் 3எஸ்ஸையும் பேரலலில் சேர்க்கவே கூடாது.

இணைக்கும் முன் ஒவ்வொரு முறையும் மல்ட்டிமீட்டரால் இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். ஒன்று 12.6, மற்றது 11.4 என்று வையுங்கள். பேட்டரிகளும் வயரும் சேர்ந்து 0.03 ஓம்தான் தடை என்றால், மோட்டார் ஓடாமலே 40 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். லிப்போ உப்பித் தீப்பிடிப்பது இப்படித்தான்.

பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். இரண்டு கிளை வயரும் ஒரே நீளம், ஒரே தடிமன். இல்லையென்றால் வயர் குட்டையாக உள்ள பேட்டரிதான் அதிகம் உழைக்கும். ஒவ்வொரு பிளஸ் வயரிலும், பேட்டரியை ஒட்டியே, 30 ஆம்பியர் ஃபியூஸ். பலர் இரண்டுக்கும் பொதுவாக ஒன்றே போடுகிறார்கள். ஒரு பேட்டரி ஷார்ட் ஆனால் மற்றதிலிருந்து பாயும் கரண்ட்டை அது தடுக்காது.

சால்டர் செய்த இடங்களுக்கு உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்). படகு கரைக்கு வந்ததும் இரண்டையும் கழற்றித் தனித்தனியாக சார்ஜ் போடுங்கள்.