சின்னக் குண்டும் பத்துக் கிலோ பொன்னியும்

கேள்வி: பக்கத்து நாடுகள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டு சாவதைவிட, போர்முனையில் ஒரு சின்ன அணுகுண்டைப் போட்டால் சண்டை ஒரே நாளில் முடிந்துவிடும் என்று என் மச்சான் காப்பிக்கடையில் அடித்துச் சொல்கிறார். எது நடந்தாலும் சிங்கப்பூருக்கு வராது, வீட்டிலேயே பாம் ஷெல்ட்டர் இருக்கிறது என்றும் சொல்கிறார். அவர் பேச்சில் நியாயம் உண்டா?
- மு.செ., ஈசூன்

பதில்: முதலில் அந்த பாம் ஷெல்ட்டரின் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டில் இல்லை. இரண்டு பெட்டி, ஓடாத மின்விசிறி, போன தீபாவளிச் சரவிளக்கு, பத்துக் கிலோ பொன்னி அரிசி மூட்டை. 1998இல் நடப்புக்கு வந்த சட்டப்படி நம் வீடுகளுக்குள் வந்த அறை அது. சாதாரணக் குண்டு வெடித்தால் அதிர்ச்சியும் சிதறலும் நம்மைத் தாக்காமல் இருக்கக் கட்டியது. அந்த அரிசி மூட்டையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மச்சானின் 'சின்ன' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஹிரோஷிமாவில் விழுந்தது ஏறக்குறைய 15 கிலோடன், அதாவது 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்தின் வீரியம். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் போனார்கள். இன்று ஐரோப்பாவில் அமெரிக்கா வைத்திருக்கும் பி61 ரகக் குண்டைத்தான் சின்னது, போர்முனைக்கானது என்கிறார்கள். அதன் புதிய வகையில் வீரியத்தைக் கூட்டிக் குறைக்கலாம்: 0.3 கிலோடன்னிலிருந்து 50 கிலோடன் வரை. ஹிரோஷிமாவைப் போல மூன்று மடங்கும் 'சின்ன'தில் அடக்கம். யார் வைத்த பெயரோ, நன்றாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அளவைப் பற்றிச் சண்டை போட நான் வரவில்லை. குண்டு விழுந்த மறுநாள் காலையில் எதிராளி என்ன செய்வான் என்பதை உங்கள் மச்சான் யோசிக்கவே இல்லை. நமக்குத் தெரிந்த வட்டாரத்தையே பாருங்கள். பாகிஸ்தான் 2011இல் சின்ன அணுகுண்டைச் சுமக்கும் நாஸ்ர் என்ற ஏவுகணையைச் சோதித்தது. பாய்ச்சல் வெறும் 60 கிலோமீட்டர்தான். இந்திய டாங்கிப் படை எல்லை தாண்டினால் அதை அங்கேயே நிறுத்துவதற்கு. சரி, இந்தியா என்ன எழுதி வைத்திருக்கிறது? முதலில் பயன்படுத்த மாட்டோம். ஆனால் இந்திய மண்ணின் மீதோ, எங்கிருந்தாலும் இந்தியப் படைகள் மீதோ அணுவாயுதம் விழுந்தால் பதிலடி மிகப் பெரியதாக இருக்கும் என்று 2003இல் அறிவித்த கொள்கை. ஒருவர் சின்னதைப் போட்டு நிறுத்தலாம் என்று கணக்குப் போடுகிறார். மற்றவர் சின்னதற்கும் பெரியதுதான் பதில் என்கிறார். இரண்டில் எது வெற்று மிரட்டல்? போட்டுப் பார்க்காமல் தெரியாது. போட்டுப் பார்த்தால் தெரிந்து பயனில்லை.

2025 மே மாதம் நான்கு நாள் மோதல் நடந்ததே, அதில் பத்தாம் தேதிக் காலையை நினைத்துப் பாருங்கள். ராவல்பிண்டியில் நூர் கான் விமானத் தளத்தை இந்தியா தாக்கியிருந்தது. பாகிஸ்தானின் அணுவாயுதங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவின் தலைமையகம் அதே வட்டாரத்தில்தான். இந்தியா குறி வைத்தது விமானத் தளத்தைத்தான். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படி வாசிப்பார்? அன்றே அணுவாயுத முடிவுகளை எடுக்கும் ஆணையத்தைப் பாகிஸ்தான் பிரதமர் கூட்டுகிறார் என்று செய்தி வந்தது. சில மணி நேரத்தில் அவருடைய தற்காப்பு அமைச்சரே அப்படிக் கூட்டம் எதுவும் இல்லை என்றார். அன்று மாலை சண்டை நின்றது.

அதே மாதக் கடைசியில் இரண்டு நாட்டு மூத்த ஜெனரல்களும் நம் ஊருக்கு வந்தார்கள், ஆரஞ்ச் குரோவ் ரோட்டில் நடக்கும் ஷங்ரிலா கலந்துரையாடல் என்ற தற்காப்பு மாநாட்டுக்கு. சாதாரணப் போருக்கும் அணுவாயுதத்துக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது என்றார் இந்தியாவின் அனில் சவுகான். இந்த முறை அப்படி ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் தப்புக்கணக்கை ஒதுக்கிவிட முடியாது என்றார் பாகிஸ்தானின் சாகிர் ஷம்ஷாத் மிர்சா. நான் இரண்டு பேரையும் நம்புகிறேன். இடம் இருக்கிறதுதான். ஆனால் இருட்டில் நடக்கிறவனுக்கு அது எங்கே முடிகிறது என்று காட்ட அங்கே கோடு போட்டு வைக்கவில்லை.

தப்புக்கணக்கு என்றால் கதையில் வருவது போல ஏதோ பைத்தியக்காரன் பொத்தானை அழுத்துவது என்று நினைக்கிறோம். 2022 மார்ச் 9ஆம் தேதி மாலை, பராமரிப்பு வேலையின்போது இந்தியாவிலிருந்து ஒரு ஏவுகணை தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. ஏழு நிமிடம், அவ்வளவுதான். வெடிமருந்து இல்லை, யாரும் சாகவில்லை. எங்கள் தவறுதான் என்று டெல்லி சொல்ல இரண்டு நாள் ஆனது. பிறகு மூன்று அதிகாரிகளுக்கு வேலை போனது. அது ஒரு சாதாரண புதன்கிழமை என்பதால் பிழைத்தோம். அதே ஏவுகணை 2025 மே 9ஆம் தேதி இரவு கிளம்பியிருந்தால், அந்த இரண்டு நாளை யார் கொடுத்திருப்பார்கள்?

உக்ரேன் பக்கம் வேறு வியாதி. 2022இலிருந்து மாஸ்கோ மிரட்டிக்கொண்டே இருக்கிறது. 2024 நவம்பரில், அணுவாயுதத்தை எப்போது பயன்படுத்தலாம் என்ற தன் கட்டுப்பாட்டையே தளர்த்தி எழுதியது. கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. நம் ஊரில் ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலிக்கும்போது யாராவது காப்பியைக் கீழே வைக்கிறோமா? அது ஒத்திகை, தப்பில்லை. மிரட்டலையும் ஒத்திகை போல் கேட்கப் பழகினால்தான் வம்பு.

அப்புறம், சிங்கப்பூருக்கு வராது என்கிற கதை. குண்டு வராது, ஒப்புக்கொள்கிறேன். புகை வரும். நகரங்கள் எரிந்தால் கரி மேலே ஏறி வருடக்கணக்கில் வெயிலை மறைக்கும், விளைச்சல் படுக்கும். இந்தியாவும் பாகிஸ்தானும் பெரிய அளவில் மோதினால் உலகெங்கும் 2 பில்லியனுக்கு மேற்பட்டோர் பட்டினியில் சாகலாம் என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மாதிரிக் கணக்குதான், கூடலாம் குறையலாம். நாமோ உணவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறவர்கள். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதே, அன்று தேக்காவில் நானும் இரண்டு மூட்டை கூடுதலாக வாங்கி வந்தவன்தான், வெட்கத்துடன் சொல்கிறேன். நமக்கு மட்டும் சிறப்பு அனுமதி தர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அது வெறும் அரசாங்க ஆணை. வயல் அப்படியே இருந்தது.

பாம் ஷெல்ட்டரில் இருக்கும் அந்தப் பத்துக் கிலோ எங்கள் வீட்டில் மூன்று வாரத்துக்கு வரும். உங்கள் வீட்டுக் கணக்கை மச்சான் போடட்டும். கூடவே அந்த மறுநாள் காலைக் கேள்விக்கும் பதில் வாங்கி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவர் பெயரோடு போடுகிறேன்.